டர்போ காருக்கு வீட்டிலேயே கோல்டு ஏர் இன்டேக் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகள் யாவும் சுமார் 150 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) ஆற்றல் தரும் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்துப் போட்டவை. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் ஆகிய கார்களில் இந்த அளவிலான எஞ்சின் கிடைக்கிறது. வெளிவெப்பம் 35 டிகிரி செல்சியஸ் என்றும், புகைக்காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தரும் பூஸ்ட், அதாவது வளிமண்டலத்துக்கு மேல் அது சேர்க்கும் அழுத்தம், 1 பார் என்றும் கொண்டிருக்கிறேன். உங்கள் காரின் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

கோல்டு ஏர் இன்டேக் என்று எதைச் சொல்கிறோம்? காரோடு வருவது அதுவல்லவா?

எஞ்சின் அறையின் சூடான காற்றை விட்டுவிட்டு, வெளிக்காற்றை வடிகட்டி, கூடுமானவரை தடையின்றி டர்போவின் வாய்க்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறோம். இந்த வரையறையை வைத்துப் பார்த்தால், இன்றைய கார்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்தே கோல்டு ஏர் இன்டேக்குடன்தான் வருகின்றன. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் செல்லும் பிளாஸ்டிக் குழாயைத் தொடர்ந்து பாருங்கள். அது ரேடியேட்டருக்கு மேலேயோ முன்கிரில்லுக்குப் பின்னாலேயோ போய் முடியும். அங்கிருப்பது வெளிக்காற்றுதான்.

அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின் அறைக்குள் ஒரு கூம்பு ஃபில்டரை அப்படியே திறந்த நிலையில் மாட்டுபவர் குளிர்காற்றைக் கொடுத்துவிட்டு வெப்பக்காற்றை வாங்கிக்கொள்கிறார். சந்தையில் கோல்டு ஏர் இன்டேக் என்ற பெயரில் விற்கப்படும் பல பொருள்களின் நிலைமையும் இதுதான்.

குளிர்ந்த காற்றால் எவ்வளவு ஆற்றல் கூடும்?

டர்போ இல்லாத எஞ்சினில் இந்தக் கணக்கு எளிது. காற்றின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின்) எதிர்விகிதத்தில் மாறும். 35 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரிக் காற்று உள்ளே போனால், 308ஐ 333ஆல் வகுத்தால் வருவதுபோல், அடர்த்தி சுமார் 7.5 சதவீதம் குறைந்துவிடும். ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவு குறையும்.

டர்போ எஞ்சினில் இடையே இரண்டு பேர் நிற்கிறார்கள்: காற்றை அழுத்திச் சூடாக்கும் கம்ப்ரசர், அந்தச் சூட்டை இறக்கும் இன்டர்கூலர். அழுத்த விகிதம் (வெளியேறும் அழுத்தத்தை நுழையும் அழுத்தத்தால் வகுத்தது) 2, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், 35 டிகிரியில் நுழையும் காற்று கம்ப்ரசரை விட்டு வெளியேறும்போது சுமார் 131 டிகிரியில் இருக்கும். 60 டிகிரியில் நுழைந்தால் சுமார் 164 டிகிரியை எட்டும். ஆக, நுழைவாயிலில் இருந்த 25 டிகிரி வேறுபாடு இங்கே 33 டிகிரியாக வளர்ந்துவிட்டது. பிறகு வெளிக்காற்றை விஞ்சிய சூட்டில் 70 சதவீதத்தை இன்டர்கூலர் பறித்துக்கொள்கிறது என்றால், எஞ்சினுக்குள் நுழையும் காற்று முதல் நிலையில் சுமார் 64 டிகிரியிலும் இரண்டாம் நிலையில் சுமார் 74 டிகிரியிலும் இருக்கும். 25 டிகிரி வேறுபாடு 10 டிகிரியாகச் சுருங்குகிறது. அடர்த்தியில் அது 3 சதவீதம் மட்டுமே.

அந்த 3 சதவீதமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஒரு குறிப்பிட்ட பூஸ்ட்டையோ டார்க்கையோ (சுழற்றுவிசை) இலக்காக வைத்துக்கொண்டு, டர்போவைச் சுழற்றாமல் புகைக்காற்றை வெளியே விடும் வேஸ்ட்கேட் வால்வைத் திறந்து மூடுவதால், காற்று கொஞ்சம் எளிதாகக் கிடைத்தால் டர்போவின் வேலையைக் குறைத்துவிட்டு அதே இலக்கில் நின்றுகொள்ளும். எனவே, ஈசியூவின் மென்பொருளை மாற்றாமல் வெறும் குழாயை மாற்றினால் 15 குதிரைத்திறன் கூடும் என்று எவரேனும் சொன்னால், எந்த அளவீட்டில் கூடியது என்று கேளுங்கள்.

ஆனால் அந்த 10 டிகிரியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் கூடாது. மே மாதத்தில் அண்ணாசாலை நெரிசலில் நின்று நகரும் காரில், நாக்கிங் (கலவை நேரந்தவறித் தானே வெடிப்பது) வராமல் இருக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்வாங்குவது அந்த வெப்பத்தைப் பார்த்துத்தான். சாதாரண பெட்ரோலில் இது தெளிவாகவே தெரியும்.

அப்படியானால் டர்போ காரில் இன்டேக் வேலையால் பயனே இல்லையா?

பயன் உண்டு, அது வேறோர் இடத்திலிருந்து வருகிறது. ஃபில்டரும் குழாய்களும் கொடுக்கும் தடை, டர்போவின் வாயில் அழுத்தத்தை வளிமண்டலத்தைவிடக் குறைத்துவிடுகிறது. வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்; அந்தக் குறைவு 5 கிலோபாஸ்கல் என்றால், 1 பார் பூஸ்ட் கொடுக்கக் கம்ப்ரசர் 201ஐ 96ஆல் வகுத்த அளவு, அதாவது 2.09 என்ற அழுத்த விகிதத்தில் உழைக்க வேண்டும். குறைவை 2 கிலோபாஸ்கலாக்கிவிட்டால் விகிதம் 2.03 ஆகிறது. சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், அதே பூஸ்ட்டைக் குறைந்த சுழற்சியிலும் குறைந்த சூட்டிலும் டர்போ தந்துவிடுகிறது. வேஸ்ட்கேட்டுக்குக் கட்டுப்படுத்த இடம் மிஞ்சுகிறது. உயர் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுவது குறைகிறது. ஊட்டிக்கு ஏறும்போது இது இன்னும் முக்கியமாகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே 77 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுவதால், ஏற்கெனவே கூடுதலாக உழைக்கும் டர்போவுக்கு ஒவ்வொரு கிலோபாஸ்கலும் கணக்கில் வரும்.

ஆகவே, டர்போ காருக்கு இன்டேக் செய்பவர் முதலில் தேட வேண்டியது தடையை; குளிர்ச்சி அதற்கு அடுத்தபடிதான்.

தடை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலோர் இதைத் தாண்டி நேராகக் குழாய் வாங்கப் போய்விடுகிறார்கள்.

தேவைப்படுவது ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள, 5 மி.மீ. உள்விட்டம் கொண்ட தெளிவான பிளாஸ்டிக் குழாய், ஒரு மரப்பலகை, அளவுகோல், வண்ணம் கலந்த நீர். குழாயின் ஒரு பகுதியைப் பலகையில் 'ப' எழுத்தைப்போல் வளைத்துக் கட்டி, இரு கால்களிலும் பாதியளவு நீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனை இன்டேக்கில் நாம் அளக்க விரும்பும் இடத்துக்குப் போகட்டும். எஞ்சின் உறிஞ்சும்போது ஒரு காலில் நீர் ஏறும், மறு காலில் இறங்கும். இரு மட்டங்களுக்கும் இடையிலான உயரம் 10.2 செ.மீ. என்றால் தடை 1 கிலோபாஸ்கல்; 51 செ.மீ. என்றால் 5 கிலோபாஸ்கல். இந்தக் காரணத்தால் ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். நீர் எஞ்சினுக்குள் போய்விடாதபடி, குழாயின் வழியில் மூடியுள்ள ஒரு காலி பாட்டிலைத் தடுப்பாக வைப்பது கட்டாயம்.

அளக்க வேண்டிய இடங்கள் மூன்று: ஃபில்டருக்கு முன்னால், ஃபில்டருக்குப் பின்னால், டர்போ வாய்க்கு அருகில். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, உயர் ஆர்பிஎம்மை எட்டும்போது வரும் அளவே நமக்கு வேண்டும். ஓட்டுபவர் இதைப் பார்க்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளட்டும். இருங்காட்டுக்கோட்டை, கோவைக்கு அருகிலுள்ள கரி ஆகிய பந்தயத் தடங்களில் பொதுமக்கள் ஓட்டும் நாள்கள் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்று எண்களும் கைக்கு வந்ததும் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். ஃபில்டருக்கு முன்னாலேயே பாதித் தடை இருந்தால், முன்பக்கக் குழாயின் வாய் குறுகலாக இருக்கிறது என்று பொருள். அதை மட்டும் அகலப்படுத்தினால் போதும், பெட்டியைத் தொட வேண்டியதே இல்லை. ஃபில்டரைக் கடக்கையில் அளவு சட்டென்று ஏறினால் ஃபில்டர் அழுக்காகியிருக்கலாம். புதியதைப் போட்டு மறுபடி அளங்கள். டர்போவுக்கு முன்னாலுள்ள மடிப்புக் குழாயில் ஏறினால் அங்கே வழுவழுப்பான குழாய் போடுவது பலன் தரும். மொத்தமே 2 கிலோபாஸ்கல் என்று வந்தால், பலகையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு நல்ல டயர் வாங்கலாம்.

குழாயின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

150 பிஎஸ் பெட்ரோல் எஞ்சின் உச்சத்தில் நொடிக்குச் சுமார் 113 கிராம் காற்றை உண்ணும். 35 டிகிரியில் அது ஏறத்தாழ 100 லிட்டர். 63 மி.மீ. உள்விட்டக் குழாயில் இந்தக் காற்று நொடிக்கு 32 மீட்டர் வேகத்தில் ஓடும், 76 மி.மீ. குழாயில் 22 மீட்டர் வேகத்தில் ஓடும். வெட்டி ஒட்டிய கூர்மையான 90 டிகிரி முடக்கு ஒவ்வொன்றும், முதல் குழாயில் 0.6 கிலோபாஸ்கல் அளவையும் இரண்டாவதில் 0.3 கிலோபாஸ்கல் அளவையும் விழுங்கிவிடும். அதே முடக்கை, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் வழுவழுப்பாக வளைத்தால் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடுகிறது. எனவே விட்டத்தைக் கண்மண் தெரியாமல் பெரிதாக்குவதைவிட முடக்குகளைக் குறைத்து வளைவுகளை அகலமாக்குவதே மேல்.

இந்த அளவு எஞ்சினுக்கு 70 முதல் 76 மி.மீ. வரை தாராளம். டர்போவின் வாய் இதைவிடச் சிறியதாக இருக்கும். படிப்படியாகக் குறுகும் சிலிக்கான் ரெடியூசரால் இணையுங்கள், படிக்கட்டுப்போல் திடீரென்று குறுக்க வேண்டாம். ஃபில்டருக்குள் குழாய் தொடங்கும் இடம் மொட்டையாக வெட்டப்பட்டிருக்காமல் எக்காளத்தின் வாய்போல் விரிந்திருந்தால், நுழைவிழப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். காசு அதிகம் ஆகாத வேலைகளில் இதுதான் சிறந்தது.

கடையில் கிடைக்கும் பிவிசி குழாயைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கான பிவிசி 75, 80 டிகிரியில் இளகத் தொடங்கும். நெடுஞ்சாலையில் ஓடிவந்து நிறுத்திய காரின் எஞ்சின் அறை, காற்றோட்டம் நின்ற சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தொடக்கூடும். டர்போவின் பக்கத்தில் அதைத் தாண்டவும் செய்யும். இளகிய குழாய் உறிஞ்சலில் நசுங்கும், குளிர்ந்தபின் விரிசல் விடும். விரிசலிலிருந்து பெயரும் ஒரு சில்லு எங்கே போகும் என்று யோசியுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் சக்கரம் அதன் வழியில் முதலில் நிற்கிறது.

உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைக்கும் மேண்ட்ரல் முறையில் செய்த அலுமினியக் குழாயே வீட்டு வேலைக்கு ஏற்றது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் வளைவுத் துண்டுகள் கிடைக்கும். தேவையான கோணத்தில் வெட்டி, ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம். குழாயின் இரு முனைகளிலும் சிறிய வரம்பு எழுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் சிலிக்கான் இணைப்பு நழுவாது. அலுமினியம் சூட்டைக் கடத்துமே என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது: ஒரு மீட்டர் குழாயை முழு வேகத்தில் காற்று கடக்க எடுத்துக்கொள்வது 0.05 நொடிக்கும் குறைவு. நெரிசலில் நிற்கும்போது மட்டுமே அது உறைக்கும்.

ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே, குழாயின் உட்புறத்தில் திருகு, ரிவெட், நட்டு, ஒட்டுப்பசைத் துணுக்கு என்று கழலக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. சென்சருக்குத் தேவையான பிடிப்பை வெல்டிங்கில் வையுங்கள். வெட்டிய விளிம்புகளைப் பிசிர் நீக்கி, சோப்பு நீரில் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணியில் உலோகத்தூள் மினுங்கினால் மறுபடியும் கழுவுங்கள்.

குழாயை எஞ்சினோடு சேர்த்து இறுக்கிவிடலாமா?

எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் ஆடுகிறது. ஃபில்டர் பெட்டியோ காரின் உடலோடு நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் வழியில் நடுவே புடைப்புள்ள ஒரு சிலிக்கான் இணைப்பாவது இருந்தால்தான் அந்த ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். நான்கு அடுக்குத் துணி வைத்த தடித்த சிலிக்கானாகப் பாருங்கள். மெல்லியது உறிஞ்சலில் வயிறு ஒட்டிக்கொள்ளும்.

எம்ஏஎஃப் சென்சர் இருக்கும் காரில் என்ன கவனிக்க வேண்டும்?

எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சரைத்தான் எம்ஏஎஃப் என்கிறார்கள். ஃபில்டர் பெட்டியின் வெளிவாயில் மின்கம்பிகளுடன் ஒரு சிறு செருகு இருந்தால் அது அநேகமாக இதுதான். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற கார்களில் இது உண்டு. சிறிய டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் இது இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள எம்ஏபி எனும் அழுத்தச் சென்சரே அந்த வேலையைச் செய்கிறது. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

எம்ஏஎஃப் சென்சர் குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. தன் மூக்கின் வழியே போகும் சிறுபங்கை அளந்து, குழாயின் விட்டம் இன்னது என்ற நம்பிக்கையில் மொத்தத்தை ஊகிக்கிறது. 63 மி.மீ. குழாயிலிருந்து எடுத்த சென்சரை 76 மி.மீ. குழாயில் வைத்தால், பரப்பு 1.46 மடங்காகிவிடுவதால், அது உள்ளதைவிட 31 சதவீதம் குறைவாகச் சொல்லும். ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்சிஜன் சென்சரைப் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளும் என்றாலும், திருத்தத்துக்கும் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியதும் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற பிழைக்குறியுடன் விளக்கு எரியும். விளக்கு எரிவது நல்லதுதான். எரியாமலே, முழு பூஸ்ட்டில் கலவை வறண்டு, நாக்கிங் வந்து பிஸ்டன் உருகுவதுதான் உண்மையான இழப்பு.

ஆகவே, பழைய பெட்டியிலிருந்து சென்சர் அமர்ந்திருக்கும் வளையத்தை அப்படியே பெயர்த்தெடுத்துப் புதிய குழாயில் அதே திசையில் இணைப்பதே வீட்டில் செய்பவருக்குப் பாதுகாப்பான வழி. அதற்கு முன்னால் முடிந்த அளவு நீளமான நேர்க்குழாய் இருக்கட்டும். வளைவை விட்டு வந்த உடனே காற்று சுழன்றுகொண்டிருக்கும், அளவு குதிக்கும். பழைய வளையத்தில் தேன்கூடு வலை இருந்தால் அது அழகுக்காக வைக்கப்பட்டதல்ல, கழற்ற வேண்டாம்.

பழைய குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு குழாய்களை என்ன செய்வது?

ஒவ்வொன்றுக்கும் புதிய குழாயில் அதே வரிசையில் இடம் கொடுக்க வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் குழாய், பெட்ரோல் ஆவியைக் கொண்டுவரும் குழாய், ஆக்சிலரேட்டரை விட்டதும் மிகுந்த பூஸ்ட்டைத் திருப்பி அனுப்பும் டைவர்ட்டர் வால்வின் குழாய் ஆகியவை பெரும்பாலும் இங்கேதான் வந்து சேரும். டைவர்ட்டர் வால்வை வெளிக்காற்றில் திறந்துவிட்டால் 'புஸ்' என்று சத்தம் வரும் என்பதற்காகச் சிலர் அதைத் துண்டிக்கிறார்கள். எம்ஏஎஃப் உள்ள காரில், ஏற்கெனவே அளந்து பெட்ரோலும் ஒதுக்கிய காற்று வெளியே போய்விடுவதால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை கொழுத்துப் புகை தள்ளும். பிரீதரைத் துண்டித்துச் சிறு ஃபில்டர் மாட்டுவது எண்ணெய் ஆவியைத் தெருவில் விடுவதாகும். புதிய குழாயின் விட்டத்தை முடிவுசெய்யும் முன்னரே இந்த மூன்றின் விட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரை எங்கே வைப்பது? வெப்பத் தடுப்பு எப்படி?

பழைய பெட்டி இருந்த மூலையே பெரும்பாலும் சரியான இடம், ஏனெனில் வெளிக்காற்றின் வாய் ஏற்கெனவே அங்கே திறந்திருக்கிறது. ஃபில்டரைச் சுற்றி நான்கு பக்கமும் தடுப்பு எழுப்பி, பானெட் மூடும்போது மேல்விளிம்பு அதன் அடிப்பரப்பில் பதியுமாறு செய்தால், எஞ்சின் அறையின் காற்றுக்கு உள்ளே வர வழி இருக்காது.

முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பாருங்கள். அட்டையில் மூன்று முறை தோற்பது தகட்டில் ஒரு முறை தோற்பதைவிட மலிவு. பொருந்திய வடிவத்தை ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகட்டில் வரைந்து மடித்து, விளிம்புகளில் கார் கதவுக்குப் போடும் பீடிங் ரப்பரை ஏற்றுங்கள். பானெட்டின் அடியில் களிமண் உருண்டைகளை வைத்து மூடித் திறந்தால், எங்கே இடைவெளி இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்பது அச்சாகத் தெரியும். டர்போவில் புகைக்காற்றால் சுழலும் டர்பைன் இருக்கும் பக்கம் தகடு மட்டும் போதாது. பெட்ரோல் டர்போவில் புகைக்காற்று 900 டிகிரியை ஒட்டி வரும் என்பதால், கதிர்வெப்பத்தைத் திருப்பும் தங்கநிற ஒட்டுத்தாளையோ கண்ணாடி இழைத் தடுப்பையோ அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

வெளிக்காற்று வரும் வாயை மறந்துவிட்டுத் தடுப்பை மட்டும் அழகாகக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வாயின் பரப்பு, குழாயின் பரப்பைவிடச் சிறியதாக இருந்தால் செய்த வேலை அனைத்தும் அங்கே நின்றுவிடும்.

எந்த ஃபில்டர் நல்லது?

நம் சாலைகளுக்குக் காகித ஃபில்டரே நல்லது என்பது என் முடிவு. ஜல்லி லாரிக்கும் எம்-சாண்ட் லாரிக்கும் பின்னால் ஓடும் காருக்கு வரும் தூசு பெரும்பாலும் சிலிக்கா. அது எஃகைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்தையும் கம்ப்ரசர் இறக்கையின் விளிம்பையும் மெல்ல அரைக்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் காற்றை எளிதாக விடுகிறது என்பது உண்மையாக இருந்தாலும், கழுவியபின் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் அது எம்ஏஎஃப்பின் சூடான கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கிறது. குறைவாக ஊற்றினால் தூசு நுழைகிறது. தடை குறைய வேண்டும் என்றால் ஃபில்டரின் பரப்பைக் கூட்டுங்கள், வடிகட்டும் தரத்தைக் குறைக்காதீர்கள். பெரிய காரின் காகித ஃபில்டர் ஒன்றைச் சொந்தப் பெட்டியில் பொருத்துவதுதான் வீட்டு வேலையில் நான் கண்ட புத்திசாலித்தனமான வழி, பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும்.

பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைத்தால் இன்னும் குளிர்ந்த காற்று வருமே?

வரும்; தண்ணீரும் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்கள் இருந்த நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 375 மி.லி. அமுக்க விகிதம் 10.5 என்றால், பிஸ்டன் உச்சியை எட்டும்போது மேலே எஞ்சும் இடம் சுமார் 40 மி.லி. மட்டுமே. அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்துவிட்டால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். அரை டம்ளர் தேநீருக்கும் குறைவான நீர் போதும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை வந்துவிடும். சாதாரண முழுமைக் காப்பீட்டில் இந்த இழப்புக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும்.

நீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றின் வாயைத் தொழிற்சாலை வைத்த உயரத்துக்குக் கீழே இறக்கவும் கூடாது.

வேகத்தில் காற்று தானே உள்ளே அடைத்துக்கொண்டு வருமா?

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முன்காற்று தரும் அழுத்தம் 0.44 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. பானெட்டில் ஓட்டை போட வேண்டாம்.

என்னுடையது டீசல் கார். இதே வேலை பலன் தருமா?

மிகக் குறைவு. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடுதான் ஓடுகிறது. ஆற்றலை முடிவுசெய்வது ஊற்றப்படும் டீசல். காற்றைக் கூட்டினால் புகை குறையலாம், இழுவை கூடாது. மேலும், ஸ்விஃப்ட் முதல் புன்டோ வரை பல கார்களில் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் போன்ற எஞ்சின்களில், புகைக்காற்றில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வைக் கட்டுப்படுத்துவதே எம்ஏஎஃப்பின் அளவை வைத்துத்தான். அதைக் குழப்பினால் வேறு தொல்லைகள் தொடங்கும்.

மாட்டியதும் கார் சீறிப் பாய்வதுபோல் இருக்கிறதே?

பழைய பெட்டியில் ஒலியை அடக்கும் அறைகள் இருந்தன. இப்போது டர்போவின் மூச்சு நேராகக் காதுக்கு வருகிறது. அந்த ஒலி எனக்கும் பிடிக்கும். ஒலியை ஆற்றலாக எண்ணிக்கொள்ளாதவரை அதில் தவறில்லை.

மாட்டியபின் என்னென்ன சோதிக்க வேண்டும்?

முதலில் கசிவு. டர்போவுக்கு முன்னால் கசிவு இருந்தால் அந்த வழியாக வடிகட்டாத தூசுக்காற்று நுழையும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்நோக்கி இழுபட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது. பெட்ரோல் வாடை துளியேனும் இருந்தால் ஊதுபத்தியைப் பற்றவைக்கவே வேண்டாம். இன்னொரு முறை நிதானமானது, ஆனால் ஏமாற்றாதது: ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்சுவரில் கிரீஸை மிக மெல்லிய படலமாகத் தடவி வைத்து, 500 கி.மீ. ஓடியபின் விரலால் வழித்துப் பாருங்கள். கிரீஸ் மணல்போல் நறநறத்தால் ஃபில்டரோ இணைப்போ சரியில்லை.

அடுத்து வெப்பம். காரின் கோளாறு கண்டறியும் செருகில் மாட்டும் இஎல்எம்327 வகை ஓபிடி கருவியைக் கைபேசியோடு இணைத்தால் இன்டேக் வெப்பநிலை தெரியும். ஆனால் பல டர்போ கார்களில் அந்தச் சென்சர் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஃபில்டரின் வாயில் தனியாக ஒரு தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) தொங்கவிட்டு, ஓடும்போதும், பத்து நிமிடம் நின்றபின்னும், மறுபடி கிளம்பி ஐந்து நிமிடம் ஆனபின்னும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியோடும் இதே மூன்று அளவுகளை எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். மூன்றாவதாக, பலகையில் கட்டிய நீர்க்குழாயை மறுபடி மாட்டித் தடை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். எரிபொருள் திருத்த எண்கள் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதங்கள்) பழைய அளவிலிருந்து பெரிதாக விலகியிருந்தால், காரை ஓரம் கட்டிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

ஆற்றலை அளக்கும் டைனோ உருளைகளில் காரை ஏற்றுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே பானெட் திறந்திருக்கும், முன்னால் பெரிய விசிறி ஓடும். திறந்த கூம்பு ஃபில்டர் நன்றாகத் தோன்றுவது அந்த அறைக்குள் மட்டுமே. பானெட்டை மூடி, ஒரே நாளில், இரண்டு அமைப்புகளையும் மும்முறை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டமும் வாரண்டியும் என்ன சொல்கின்றன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஏர் ஃபில்டர் குழாய் இதில் அடங்குமா என்பதை அதிகாரியின் முன் நின்று வாதிட நேரலாம் என்ற எண்ணத்தோடு இறங்குங்கள். டர்போவில் கோளாறு வந்தால் வாரண்டிக் கோரிக்கையை மறுக்க விற்பனையாளருக்கு இந்தக் குழாய் வசதியான காரணமாகிவிடும்.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். பெட்டி, குழாய், ஒலியடக்கி, கிளிப்புகள் யாவற்றையும் துடைத்து ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, திருகுகளைத் தனி உறையில் கட்டி, எது எங்கே போகும் என்று எழுதி வையுங்கள். மழைக்காலம் தொடங்கும்போதோ காரை சர்வீஸுக்கு விடும்போதோ விற்கும்போதோ ஒரு மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.